விமலராணி என்று எழுதிய அட்டை

கரடி என்றால் ரஷ்யா. சிங்கம் என்றால் இங்கிலாந்து. சேவல் பிரான்ஸ். உயரத் தொப்பியும் தொந்தியும் சுருட்டுமாய் ஒருவர் நின்றால் முதலாளி. துருப்பிடித்த இரும்புக் கவசம் போட்ட தடியன் கதிரையில் இருந்து சோம்பல் முறித்தால் அது போர். திரும்ப எழும்பப் போகிறது என்று அர்த்தம். வெள்ளை அங்கி போட்ட பெண் சமாதானம். அவளுக்கு எப்போதும் ஏதாவது கேடு நடந்துகொண்டே இருக்கும். படியில் வழுக்கி விழுவாள், அல்லது அவளுடைய புறாவை யாரோ பொரித்துத் தின்றுகொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்து நூலகத்தில் நான் அறிந்துகொண்டவை. டெக்னிஸ்க் ஸ்கோலெ என்கிற தொழிற்பள்ளியில் படிப்பை இடையில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஃபக்டரியில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானம் எழும்பினால் செய்ய ஒன்றும் இல்லை. நூலகம் சூடாக இருக்கும், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து நகைச்சுவை வாரப் பத்திரிகைகளை அங்கே ஒரு மூலையில் தடித்த மட்டை போட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள். பேசுகிற டேனிஷ் எனக்கு நன்றாக வரும். பழைய காலத்து எழுத்து டேனிஷ் வராது. அதனால் படங்களில் தொடங்கினேன்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. ஒரு கரடியைப் படமாகக் கீறினால் அது ரஷ்யா என்று இந்த ஊர் மீன் வியாபாரிக்கு எப்படித் தெரிந்தது? நூலகத்தில் வேலை செய்த லிஸ்பெத்திடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், ஆண்களைப் போல முடி வெட்டியிருப்பாள், இலங்கையில் இருந்து அகதியாய் வந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு உதவுகிற குழு ஒன்றிலும் இருந்தாள்.

"எல்லாரும் ஒத்துக்கொண்டதால்தான்" என்றாள்.

"யார் கூட்டம் போட்டு ஒத்துக்கொண்டது?"

"ஒருவரும் இல்லை. திரும்பத் திரும்பக் கீறினார்கள், பழகிவிட்டது."

"பழகாத ஆள் பார்த்தால்?"

"அவனுக்காகத்தான் பெயரும் எழுதினார்கள். பார்."

உண்மைதான். தொப்பியின் விளிம்பிலும் பெட்டியின் பக்கத்திலும் வால் நுனியிலும் சின்ன எழுத்தில் பெயர் இருந்தது. கீறினவனுக்கே தன் படத்தில் முழு நம்பிக்கை இல்லை. அதற்குப் பிறகு யாருக்குப் பெயர் எழுதியிருக்கிறது, யாருக்கு எழுதவில்லை என்று பார்க்கத் தொடங்கினேன். முப்பதுகளின் நடுப்பகுதிக்கு வந்தால் புது ஆள் ஒருவன் வருகிறான். நீளமான கோட்டு, கையில் சூட்கேஸ், எல்லையில் சிவப்பு வெள்ளைத் தடி. அவனுக்குப் பெயர் இல்லை. அநேகமாக முதுகுதான் தெரியும். கரடிக்குக்கூட முகம் கீறியிருக்கிறார்கள், அகதிக்கு இல்லை. முகத்தோடு ஒருவனாவது அகப்படுகிறானா என்று பல நாட்கள் மட்டை மட்டையாகப் புரட்டினேன். ஒரு படத்தில் எல்லைத் தடிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் குழந்தையும், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காவல்காரன். அங்கேயும் காவல்காரனுக்குத்தான் முகம்.

லிஸ்பெத் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தாள். "இது ஜெயரூபனுடைய படம்" என்றாள்.

ஜெயரூபன் என் அறைத் தோழன். கோழி வெட்டுகிற இடத்தில் பகல் வேலை. மனைவி விமலராணியும் மூன்று வயது மகளும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். மகளை அவன் கண்டதில்லை. அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. எங்கள் ஆட்கள் எல்லாருடைய விண்ணப்பமும் அப்படித்தான் கிடந்தது. பேப்பர்கள் அப்போதுதான் ஏன் என்று மெல்லக் கேட்கத் தொடங்கியிருந்தன. ஜெயரூபனோ தன்னுடையதில் ஏதோ பத்திரம் குறைகிறது என்று நம்பினான். கலியாணப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்று விமலராணியை மூன்று தரம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினான். பஸ், சோதனைச் சாவடி, திரும்பவும் பஸ். அவள் அனுப்புவாள், இங்கே அசைவு இருக்காது, உடனே அவன் ஃபோனில் கத்துவான்: "நீ ஒழுங்கானதை எடுத்தனியோ?" அவள் அங்கிருந்து கத்துவாள். ஃபோன்காசு முடிந்ததும் சண்டை நிற்கும்.

லிஸ்பெத்தின் குழு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் ஏதாவது செய்ய இருந்தது. அந்தப் படத்தை அப்படியே உயிரோடு நிறுத்துவோம் என்றாள். எல்லைத் தடி செய்வோம், காவல்காரனாகத் தன் புருசன் நிற்பான், இந்தப் பக்கம் ஜெயரூபன். அந்தப் பக்கம் நிற்க ஒரு தமிழ்ப் பெண் வேண்டும் என்றாள்.

"அது கஷ்டம்" என்றேன்.

"ஒரு மணித்தியாலம் நிற்பதுதானே?"

அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நீயே வந்து கேள் என்று கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். இரண்டாம் வீட்டில் தேத்தண்ணியும் ரோல்ஸும். ஓம் என்று ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கலியாணம் முடித்தவளை இன்னொருத்தனுக்குப் பெண்சாதியாய் நிறுத்த அவளுடைய மனுசன் விடமாட்டான். முடிக்காதவள் நின்றால் அவளுக்குப் பிறகு சம்பந்தம் பேசமுடியாது. லிஸ்பெத் வெளியே வந்து கேட்டாள்: "இவ்வளவு தந்து உபசரித்தார்களே, சம்மதமா?"

"அவ்வளவு தந்தால் சம்மதம் இல்லை."

கடைசியாக ராசமலர் அக்கா வீடு. அவ ஒரு முதியோர் இல்லத்தில் சமையல். மகள் நிஷாந்தி பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. பன்னிரண்டு வயதில் வந்தவள், தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள்.

"நான் நிக்கிறன்" என்று இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"நீ வாயைப் பொத்து" என்றா ராசமலர் அக்கா. "நிண்டாப் பிறகு நிண்டதுதான். நாளைக்கு ஆரும் கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? நாடகமெண்டோ?"

"நாடகம்தானே, அம்மா."

"நாடகத்திலை நிண்டவளுக்கு ஆர் மாப்பிள்ளை தந்தது?"

"நான் கேட்டனானோ மாப்பிள்ளை?"

எங்களோடு வந்த ஜெயரூபன் மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். "அக்கா, என்ரை பிள்ளை நடக்கத் தொடங்கி, இப்ப ஓடுதாம்" என்றான். ராசமலர் அக்கா அவனைப் பார்த்தா, பிறகு சுவரைப் பார்த்தா.

"சரி. ஆனால் பொட்டு வைக்கமாட்டாள். தாலி எண்டு ஒரு கயிறும் கழுத்திலை இருக்கக்கூடாது. உண்மைப் பிள்ளையைத் தூக்கமாட்டாள். உவன் கிட்ட வரக்கூடாது."

"தடி நடுவிலை நிக்கும், அக்கா" என்றேன்.

"அதோடை, முகத்தை மூடித்தான் நிப்பாள். சால்வை போட்டு, மூக்குக்கு மேலை."

லிஸ்பெத்துக்கு மொழிபெயர்த்தேன். அவளுக்கு நல்ல சந்தோசம். பழைய படத்திலும் அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியாதே என்றாள்.

அட்டை எழுதுகிற யோசனை ஜெயரூபனுடையது. நூலகத்துக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தான், பிறகு மற்றப் படங்களையும் பார்த்தான். "பேர் எழுதாட்டி இது ஆரெண்டு வழியாலை போறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். "பெண்சாதி" என்று மட்டும் எழுதலாம் என்று லிஸ்பெத் சொன்னாள். அவன் விடவில்லை. இரண்டு வருடமாய் ஒரு அலுவலகத்திலும் அவளுடைய பெயரை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, தெருவிலாவது நாலு பேர் வாசிக்கட்டும் என்றான். பெரிய எழுத்தில் டேனிஷில் எழுதினான்: விமலராணி, ஜெயரூபனின் மனைவி.

சனிக்கிழமை குளிர்காற்று அடித்தது. நிஷாந்தி சால்வையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டியிருந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. கையில் லிஸ்பெத்தின் மகளுடைய பொம்மை. மஞ்சள் தலைமயிர் வெளியே தெரியாமல் கம்பளியால் சுற்றியிருந்தார்கள். ராசமலர் அக்கா பக்கத்துச் சப்பாத்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கண்காணித்தா. லிஸ்பெத்தின் மனுசன் கண்ணை மூடிக்கொண்டு தடியைப் பிடித்தான். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

ஒரு கிழவன் என்னிடம் வந்து இது எந்தப் பத்திரிகையில் வந்த படம் என்று கேட்டான். தான் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் என்றான். "அப்போது பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "பக்கத்தைத் திருப்பினோம்" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

உள்ளூர்ப் பேப்பரின் நிருபர், ஒரு பெடியன், வந்து படம் எடுத்தான். நிஷாந்தியிடம் ஏதோ கேட்டான். வாய் திறக்கக்கூடாது என்பதும் தாயின் கட்டளை. அவள் அட்டையைக் காட்டினாள்.

திங்கட்கிழமை படம் வந்தது. நல்ல படம். காவல்காரனின் மூடின கண், ஜெயரூபனின் பக்கவாட்டு முகம், சால்வைக்கு மேலே இரண்டு கண்கள். கீழே எழுதியிருந்தது: "ஜெயரூபன், மனைவி விமலராணி, மகள் ஆகியோர் சனிக்கிழமை ஊர்வாசிகளிடம் நீதி கேட்டனர்."

ஜெயரூபன் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். "பேரைச் சரியாய்ப் போட்டிருக்கிறாங்கள்" என்றான். அந்த வசனத்தை நான் திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

"டேய், இதிலை அவ இஞ்சை நிக்கிறா எண்டெல்லோ கிடக்கு?"

"சனத்துக்குத் தெரியுந்தானே."

சனத்துக்குத் தெரியாது. கரடியைப் பார்த்துச் சுட ஒருவரும் துவக்கு எடுக்கவில்லை, ஏனென்றால் அது கீறின கரடி. இங்கே நின்றது மூச்சு விடுகிற பெண். அவள் கழுத்தில் ஒரு பெயர். அதற்குப் பிறகு யார் யோசிப்பான்?

எங்கள் சனமும் சும்மா இருக்கவில்லை. யாரோ வெட்டி, யாரோ தபாலில் போட்டு, அது கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தது. விமலராணி எடுத்த ஃபோனை நான்தான் தூக்கினேன். "அவரைக் குடுங்கோ" என்றா. குரல் உயரவில்லை. ஜெயரூபன் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய குரல் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"ஆரப்பா அவ, என்ரை பேரைக் கழுத்திலை கட்டிக்கொண்டு நிக்கிறா?"

"அது ராசமலர் அக்கான்ரை மகள். சும்மா ஒரு நடிப்பு."

"சும்மா நிக்கிறவள் ஏன் முகத்தை மூடவேணும்?"

"தாய்தான் மூடச் சொன்னது. பேர் கெட்டிடுமெண்டு."

"என்ரை பேரைக் கட்டி, அவவின்ரை பேரைக் காப்பாத்தினியளோ? கையிலை பிள்ளை வேறை!"

"அது பொம்மை, ராணி."

"பொம்மையோ. நல்லது. அதுக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

காசு முடிந்தது. அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

அதே வாரம் அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டவர்களின் அலுவல் பார்க்கிற இடம். மொழிபெயர்க்க நான் போனேன். அதிகாரி ஒரு மெலிந்த மனிதர், மரியாதையானவர். மேசையில் அந்தப் பேப்பர் துண்டு இருந்தது. உங்கள் மனைவியும் மகளும் எப்போது, எந்த வழியாக நாட்டுக்குள் வந்தார்கள் என்று கேட்டார். வரவில்லை என்றோம். இது யார் என்றார். நடித்த பெண் என்றோம். முகம் தெரியவில்லையே என்றார்.

"மனைவி ஏற்கெனவே இங்கே இருந்தால் இந்த விண்ணப்பத்துக்கு வேலை இல்லை. மூடிவிடுவோம். அவர் இல்லை என்றால், நின்றவர் யாரென்று நீங்கள் காட்டவேண்டும்."

ஜெயரூபனுக்கு நான் மொழிபெயர்க்க முன்னமே விளங்கிவிட்டது. காது சிவந்துபோயிருந்தது.

அன்று பின்னேரம் ராசமலர் அக்கா வீட்டில் நடந்ததை நான் முழுதாகச் சொல்லத் தேவையில்லை. "என்ரை பிள்ளை ஓப்பீசிலை போய், நான்தான் இவனுக்குப் பெண்சாதியாய் நிண்டனான் எண்டு கையெழுத்து வைக்கிறதோ?" என்று அக்கா கேட்டா. "அரசாங்கக் கடுதாசியிலை ஏத்தினால் அது அழியுமோ?"

"அக்கா, மூடாமல் நிண்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது" என்றேன்.

"ஓ, இப்ப நான்தான் குற்றவாளி!"

நிஷாந்தி ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்றாள். பிறகு தாயைப் பார்த்து, நின்றது நான், போகவேண்டியதும் நான்தான் என்று டேனிஷில் சொன்னாள். ராசமலர் அக்காவுக்கு விளங்கியது. அடுத்த நாள் காலை எங்களுக்கு முன்னமே பஸ் தரிப்பில் கைப்பையோடு நின்றா.

அதிகாரியின் அறையில் நாலு பேருக்குக் கதிரை இல்லை. நிஷாந்தி சால்வையைக் கழற்றி மடியில் வைத்தாள். அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவர் பேப்பர் துண்டைப் பார்த்தார், அவளுடைய கண்ணைப் பார்த்தார், பிறகு ஒரு கோப்பை எடுத்து விமலராணியின் படத்தைத் தேடினார். தடித்த கோப்பு. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பிறப்புப் பத்திரம், யாழ்ப்பாணத்து முத்திரை குத்தின கலியாணப் பதிவு, இன்னொரு பிரதி, இன்னொரு பிரதி. கடைசியில் கலியாணப் படம். விமலராணி உருண்டை முகம், நிஷாந்தி ஒட்டின கன்னம்.

"இவர் அவர் இல்லை" என்றார். "விளங்குகிறது. குறிப்பு எழுதிவிடுகிறேன்."

எழும்பியிருக்கலாம். ஜெயரூபன் எழும்பவில்லை. "கேள்" என்று என்னைத் தட்டினான். "என்ன பத்திரம் குறையுது எண்டு கேள். இண்டைக்கே அனுப்பச் சொல்லுறன்."

கேட்டேன். அவர் கோப்பைத் திரும்ப முன்னிருந்து பின்னுக்குப் புரட்டினார். கேள்வி நேரானது, கோப்பு முன்னால் கிடந்தது. பழக்கத்தில் பதில் வந்துவிட்டது.

"ஒன்றும் குறையவில்லை."

"எப்போது முதல்?"

"முதல் வருடமே முழுமையாக..." என்று தொடங்கி, நிறுத்தினார். கோப்பை மூடினார். "மேலே இருந்து முடிவு வரவேண்டும். அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜெயரூபன் அழவில்லை, கத்தவும் இல்லை. "மூண்டு தரம் அனுப்பினனான்" என்றான், யாரிடம் என்றில்லாமல். "சாவடியிலை அடி வாங்கினவள்."

ராசமலர் அக்கா அதிகாரியை நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டா: "அப்போ யார் பிழை?" அவர் பேனாவை மூடினார். பழைய படங்களில் இப்படி ஒரு ஆளை நான் காணவில்லை. கரடியும் இல்லை, கவசமும் இல்லை, கண்ணையும் மூடியிருக்கவில்லை. நல்ல மனிதர், முழுமையான கோப்பு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைக்கிறார். இதை எப்படிக் கீறுவது என்று வீடு வரும்வரை யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

லிஸ்பெத் இதைக் கேள்விப்பட்டதும் பேப்பர்காரப் பெடியனைக் கூப்பிட்டாள். அவன் படத்தின் கீழே எழுதின பிழைக்காக வெட்கப்பட்டான், திருத்தம் போடுவதாகச் சொன்னான். அலுவலகத்தில் கேட்டதை ஜெயரூபன் தன் பெயரோடு சொன்னால் முழுப் பக்கம் தருவதாகவும் சொன்னான். பெயர் இல்லாவிட்டால் ஆசிரியர் போடமாட்டார்.

"சொன்னால் விசாவை மறிச்சுப்போடுவாங்களோ?" என்று ஜெயரூபன் என்னைக் கேட்டான்.

"தெரியாது."

"மறிப்பாங்கள் எண்டு நினைக்கிறியோ?"

"மறிச்சுத்தானே கிடக்கு."

"இது அவளின்ரை விசா. அவளைக் கேக்கவேணும்" என்றான்.

ஞாயிறு மத்தியானம் கொட்டாஞ்சேனையில் அவள் அறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஃபோன் எடுத்து, விமலராணியைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். நிஷாந்தியும் தாயும் வந்திருந்தார்கள். முதலில் ராசமலர் அக்கா வாங்கிக் கதைத்தா. பிறகு நிஷாந்தி. அவள் தமிழில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள், அந்தப் பக்கம் ஏதோ கேட்க, "இல்லை அக்கா, எனக்கு அவரைப் பாக்க மாமா மாதிரி" என்றாள். ஜெயரூபனுக்கு முப்பத்தொரு வயது. ராசமலர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

பிறகு அவன் வாங்கினான். பத்திரத்தில் ஒன்றும் குறையவில்லை என்று சொன்னான். முதல் வருடமே எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னான்.

"என்னை எவ்வளவு ஏசினியள்" என்று விமலராணியின் குரல் கேட்டது.

"ஓம். ஏசினனான்."

"சரி. இப்ப என்ன?"

பேப்பரைப் பற்றிச் சொன்னான். பெயர் போடவேண்டும், படமும் போடுவார்கள், அதனால் அலுவலகத்துக்குக் கோபம் வரலாம், வராமலும் விடலாம். நீ சொல்லு என்றான். அவளிடம் ஒன்றைச் செய் என்று சொல்லாமல், செய்யலாமா என்று அவன் கேட்டதை நான் அன்றுதான் முதல் தரம் கேட்டேன்.

"படத்திலை ஆர் ஆர் நிக்கிறது?"

"நான் மட்டும்."

"முகம்?"

"தெரியும்."

"அப்ப போடச் சொல்லுங்கோ" என்றா விமலராணி. "என்ரை பேரையும் போடச் சொல்லுங்கோ, ஆனால் கொழும்பிலை இருக்கிறா எண்டு வடிவாய் எழுதச் சொல்லுங்கோ. அதோடை இஞ்சையிருந்து கொண்டுபோன அந்த நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. அதிலை உங்களைப் பாத்தால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அவன் குனிந்து தன்னைப் பார்த்தான். நீலச் சேர்ட்டுத்தான். முடிவு கேட்க வருவதாகச் சொல்லியிருந்த பேப்பர்காரன் வாசலில் மணி அடித்தான். ஜெயரூபன் ஃபோனை நிஷாந்தியின் கையில் திணித்துவிட்டு, என்னுடைய சேர்ட்டு ஒன்றை எடுக்க அறைக்குள் ஓடினான்.